18446744073709551615: சதுரங்கப் பலகை எண் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்த கட்டத்தில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு. இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களுக்கும் சேர்த்து எத்தனை அரிசி? ராஜா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடும் அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். விடை 18446744073709551615, அதாவது 2⁶⁴ − 1.

பெரும்பாலானோர் "அம்மாடி, எவ்வளவு பெரிசு!" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய எண் வேண்டுமென்றால் யார் வேண்டுமானாலும் பின்னால் நாலு சைபர் போட்டுக்கொள்ளலாமே. இந்த எண் எப்படி உடைகிறது என்பதில்தான் எனக்கு ஆசை. பல வருடமாகக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் இதைப் பற்றிக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இதைத் தமிழில் எப்படி வாசிப்பது?

நம் ஊர் முறையில் காற்புள்ளி போட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. மொத்தம் 20 இலக்கம். கோடிக்கு மேல் அன்றாடப் பேச்சில் பெயர் இல்லாததால் "கோடி கோடி" என்றுதான் சமாளிக்க வேண்டும்: ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்று ஐந்து லட்சத்து ஐம்பத்து ஓராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்.

கடைசியில் ஏன் ஒன்றைக் கழிக்கிறோம்?

பெருக்குத் தொடர் சூத்திரத்தைப் போட்டால் வந்துவிடும். ஆனால் சூத்திரம் இல்லாமலே பார்க்கலாம். பக்கத்து வீட்டில் ஒரே ஒரு அரிசியைக் கைமாற்றாக வாங்குங்கள். அதை முதல் கட்டத்து அரிசியோடு சேர்த்தால் இரண்டு. இரண்டாம் கட்டத்திலும் இரண்டு இருக்கிறது. சேர்த்தால் நான்கு. மூன்றாம் கட்டத்தில் நான்கு. சேர்த்தால் எட்டு. இப்படித் தள்ளிக்கொண்டே போனால் 64ஆம் கட்டம் முடிந்ததும் கையில் 2⁶⁴ அரிசி இருக்கும். இப்போது கைமாற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த ஒன்றுதான் கழிகிறது.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரியும். எந்தக் கட்டத்தை எடுத்தாலும் அதற்கு முந்தைய எல்லாக் கட்டங்களின் கூட்டுத்தொகையைவிட அதில் சரியாக ஒரு அரிசி கூடுதல்.

கால்குலேட்டர் இல்லாமல் போட முடியுமா?

முடியும். 64 தடவை இரட்டிக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நான் அப்படி உட்கார்ந்து நாற்பதாவது கட்டத்துக்குள் எங்கேயோ தப்புப் பண்ணி, இரண்டு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். சுருக்கு வழி வர்க்கப்படுத்துவது. 2இன் வர்க்கம் 4, அதன் வர்க்கம் 16, அப்புறம் 256, அப்புறம் 65536, அப்புறம் 4294967296. இதை இன்னொரு தடவை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ வந்துவிடும். ஆறே பெருக்கல். கடைசிப் பெருக்கலில் மட்டும் பத்து இலக்கத்தைப் பத்து இலக்கத்தால் பெருக்க வேண்டும். கொஞ்சம் பொறுமை, கட்டம் போட்ட தாள் இருந்தால் போதும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அல்-பிரூனி இதைத்தான் செய்தார். இந்தியாவைப் பற்றி விரிவாக எழுதினாரே, அதே அறிஞர். பழைய இனங்களின் காலக்கணக்கு பற்றிய தம் நூலில், ஒரு கட்டத்தின் எண்ணை வர்க்கப்படுத்தினால் எவ்வளவு தூரம் தாவலாம் என்ற விதியைச் சொல்லி, 20 இலக்கத்தையும் பிசகாமல் கொடுத்திருக்கிறார்.

விடை சரிதானா என்று மேலோட்டமாகப் பார்க்க ஒரு வழி உண்டு. 2இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுற்றிச் சுற்றி வரும். 64 நான்கால் வகுபடும், ஆகவே 2⁶⁴ ஆறில் முடியும். ஒன்றைக் கழித்தால் 5. சரியாக இருக்கிறதா?

நிஜமாகவே அரிசியாகப் போட்டால் எவ்வளவு வரும்?

ஒரு கிலோவுக்குச் சுமார் 40,000 அரிசி என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 46,000 கோடி டன். உலகம் முழுக்க ஓர் ஆண்டில் விளையும் அரிசி ஐம்பது கோடி டன்னுக்குக் கொஞ்சம் மேலே. ஆக, 900 ஆண்டு அறுவடை.

ஆனால் பாதிப் பலகை வரை ராஜாவுக்குப் பெரிய கஷ்டம் இல்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. முதல் 32 கட்டங்களுக்கு 4294967295 அரிசி, அதாவது 107 டன் சொச்சம். சில லாரி லோடு. எந்தக் களஞ்சியமும் தாங்கும். அடுத்த பாதிதான் ஆளைத் தின்கிறது. இந்த "பாதி" விஷயத்தை மனதில் வையுங்கள், கீழே வேறொரு காரியத்துக்கு வேண்டும்.

கதை நிஜமா? அம்பலப்புழையில் நடந்தது என்கிறார்களே?

கதைதான். அராபிய வரலாற்றாசிரியர் இப்னு கல்லிக்கான் 13ஆம் நூற்றாண்டில் இதை எழுதிவைத்திருக்கிறார். அதில் சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவர் பெயர் சிஸ்ஸா. கேரளத்து அம்பலப்புழையில் இதே கதை கிருஷ்ணன் கதையாகிவிட்டது. முனிவர் வேடத்தில் வந்த கிருஷ்ணனிடம் சதுரங்கத்தில் தோற்ற அரசன், அரிசிக் கடனைத் தீர்க்க முடியாமல் தினமும் பால் பாயசமாகக் கொடுத்துக் கழிக்கிறானாம். கடன் என்று தீரும் என்று யாரும் கேட்பதில்லை. பாயசம் அவ்வளவு நன்றாக இருக்கும்.

இது பகா எண்ணா?

இல்லை. 5இல் முடிவதால் 5ஆல் வகுபடும் என்பது பார்த்த உடனே தெரிகிறது. இலக்கங்களைக் கூட்டினால் 87. அது 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. ஆக 3உம் ஒரு காரணி, ஒரே ஒரு தடவை மட்டும்.

மற்ற காரணிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. பலகையை மடித்தால் தானாக உதிரும். முதல் 32 கட்டங்களையும் அடுத்த 32 கட்டங்களையும் எதிரெதிரே வையுங்கள். 33ஆம் கட்டத்தில் இருப்பது முதல் கட்டத்தைப் போல 2³² மடங்கு. 34ஆம் கட்டம் இரண்டாம் கட்டத்தைப் போல 2³² மடங்கு. எல்லா ஜோடிக்கும் இதே மடங்குதான். அப்படியானால் பின்பாதி முழுவதும் முன்பாதியைப் போல 4294967296 மடங்கு. முன்பாதியையும் சேர்த்தால் மொத்தம் முன்பாதியைப் போல 4294967297 மடங்கு. முதல் காரணி கிடைத்துவிட்டது.

இப்போது முன்பாதியை மறுபடி மடியுங்கள். 32 கட்டத்தின் மொத்தம் 16 கட்டத்தின் மொத்தத்தைப் போல 65537 மடங்கு. 16 கட்டம் 8 கட்டத்தைப் போல 257 மடங்கு. 8 கட்டம் 4 கட்டத்தைப் போல 17 மடங்கு. 4 கட்டம் 2 கட்டத்தைப் போல 5 மடங்கு. 2 கட்டம் ஒரு கட்டத்தைப் போல 3 மடங்கு. கடைசியில் மிஞ்சுவது ஒரே அரிசி. ஆறு மடிப்பு, ஆறு காரணி:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இதே வித்தையை நம் பத்தடிமான எண்களிலும் பார்க்கலாம். 11111111 என்ற எண்ணை எடுங்கள். அது 11 × 101 × 10001. எட்டு ஒன்றுகளை நான்கு நான்காக மடித்தால் 10001, இரண்டிரண்டாக மடித்தால் 101. சதுரங்க எண்ணை இரும முறையில், அதாவது 0, 1 இரண்டை மட்டும் வைத்து, எழுதினால் வரிசையாக 64 ஒன்றுகள்தான். 3, 5, 17, 257 ஆகியவை இரும முறையில் 11, 101, 10001, 100000001. ஒரே மடிப்பு, வேறு துணி.

அந்த ஆறு காரணிகளும் பகா எண்களா?

முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதில்தான் ஒரு பெரிய மனிதர் சறுக்கினார்.

3, 5, 17, 257, 65537 என்ற வரிசையைப் பார்த்த பிரெஞ்சுக்காரர் பெர்மா, இப்படி வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள்தான் என்று நம்பினார். 1640இல் எழுதிய கடிதங்களில் அதைச் சொன்னார். அடுத்த எண்ணான 4294967297ஐச் சோதிக்கக் கை ஓயும்வரை வகுத்துப் பார்க்க வேண்டும். அவர் காலமானபோதும் அந்த நம்பிக்கை உடையவில்லை. பிறகு கோல்ட்பாக் என்பவர் இளைஞரான ஆய்லரிடம் இதைக் கடிதத்தில் கிளப்பிவிட்டார். 1732இல், பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த 25 வயது ஆய்லர் விடையை அறிவித்தார்: 4294967297 = 641 × 6700417.

ஆக முழு உடைப்பு இது: 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழும் பகா எண்கள்.

641ஐ ஆய்லர் எப்படிப் பிடித்தார்?

குருட்டாம்போக்கில் வகுத்துப் பார்த்தால் 641க்கு முன்னால் நூற்றுக்கும் மேற்பட்ட பகா எண்களைத் தாண்ட வேண்டும். ஆய்லர் பின்னாளில் நிறுவிக் காட்டிய விதியைப் பயன்படுத்தினால் வேலை சுலபம். 2³² + 1 என்ற எண்ணின் எந்தப் பகாக் காரணியையும் 64ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட எண்கள் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும். ஐந்தாவது முயற்சியிலேயே மீன் மாட்டிவிட்டது. பெர்மாவும் இதே ஐந்து வகுத்தலைச் செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

வகுக்காமலே 641 காரணி என்று காட்ட ஒரு வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த நிரூபணங்களில் ஒன்று, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். 641ஐ இரண்டு விதமாக எழுதலாம்:

641 = 640 + 1, இதில் 640 என்பது 5 × 2⁷.
641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴.

இரண்டாவதை 2²⁸ஆல் பெருக்குங்கள். 5⁴ × 2²⁸ + 2³² கிடைக்கும். 5⁴ × 2²⁸ என்பது 640⁴ தவிர வேறில்லை. ஆக 640⁴ + 2³² என்பது 641இன் மடங்கு. மறுபக்கம், 640⁴ − 1 என்பதைக் காரணிப்படுத்தினால் அதில் 640 + 1 இருக்கும். ஆகவே அதுவும் 641இன் மடங்கு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். 640⁴ அடிபட்டுப் போகும், மிஞ்சுவது 2³² + 1. இரண்டு மடங்குகளின் வித்தியாசமும் மடங்குதானே. முடிந்தது.

மொத்தம் எத்தனை வகுத்திகள்? இது வர்க்க எண்ணாக இருக்குமா?

ஏழு வெவ்வேறு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே தடவை. ஒவ்வொன்றையும் எடுத்துக்கொள்ளலாம் அல்லது விடலாம். ஆகவே 2⁷ = 128 வகுத்திகள். இரட்டிப்பில் பிறந்த எண்ணுக்கு வகுத்திகளின் எண்ணிக்கையும் 2இன் அடுக்காகவே அமைந்துவிட்டது.

வர்க்க எண் இல்லை. 5இல் முடியும் வர்க்கங்கள் எல்லாம் 25இல் முடியும், இது 15இல் முடிகிறது. சரி, இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகவாவது எழுத முடியுமா? முடியாது. மூன்று வர்க்கங்களாக? அதுவும் முடியாது. 8ஆல் வகுத்தால் மீதி 7 வரும் எந்த எண்ணும் அதற்கு ஒத்துவராது. நான்கு வர்க்கம் கட்டாயம் வேண்டும். நான்கு இருந்தால் எந்த முழு எண்ணுக்கும் போதும் என்று 1770இல் லக்ராஞ்சு நிறுவிவிட்டார்.

வடிவியலோடு இதற்கு ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு, எதிர்பாராத சம்பந்தம். கவராயமும் அளவு குறிக்காத நேர்கோலும் மட்டும் வைத்து ஒழுங்கு முக்கோணம் வரையலாம், ஐங்கோணம் வரையலாம், ஏழுகோணம் வரைய முடியாது. ஏன் என்பது இரண்டாயிரம் ஆண்டுப் புதிர். 1796இல், 19 வயது நிறையாத ஜெர்மன் கணிதர் காஸ் 17 பக்கப் பலகோணம் வரைய முடியும் என்று காட்டினார். பக்க எண்ணிக்கை ஒற்றை எண்ணாக இருந்தால், அது பெர்மாவின் பகா எண்களை ஒவ்வொரு தடவை மட்டும் பெருக்கி வந்ததாக இருக்க வேண்டும் என்பதே விதி. வேறு எதற்கும் வரைய முடியாது என்பதை 1837இல் வான்ட்செல் நிறுவி முடித்தார்.

தெரிந்த பெர்மா பகா எண்கள் இன்றுவரை ஐந்துதான்: 3, 5, 17, 257, 65537. இவை ஐந்தையும் பெருக்கினால் 4294967295. நம் பலகையின் முன்பாதி! வரைய முடியும் என்று இன்று நமக்குத் தெரிந்த ஒற்றைப் பக்கப் பலகோணங்களில் மிகப் பெரியதற்கு அத்தனை பக்கங்கள். முழுப் பலகைக்கு, அதாவது 18446744073709551615 பக்கத்துக்கு, வரைய முடியாது. 641உம் 6700417உம் வந்து கெடுத்துவிட்டன.

65537 பக்கத்தை எப்படி வரைவது என்று எழுத ஹெர்மஸ் என்ற ஜெர்மானியர் பத்து ஆண்டுகள் உழைத்து 1894இல் முடித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வரைந்தால் கண்ணுக்கு வட்டமாகத்தான் தெரியும், அது வேறு விஷயம்.

பாஸ்கல் முக்கோணத்திலும் வருமாமே?

வரும். உச்சியில் 1, ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொரு எண்ணும் அதற்கு நேர் மேலே உள்ள இரண்டின் கூட்டல் என்று அடுக்கும் முக்கோணம் அது. பிங்கலரின் யாப்பு நூலுக்கு உரை எழுதிய ஹலாயுதர் 10ஆம் நூற்றாண்டிலேயே மேரு பிரஸ்தாரம் என்று விளக்கிய அதே முக்கோணம். ஒவ்வொரு வரிசையிலும் ஒற்றை எண்ணுக்கு 1, இரட்டை எண்ணுக்கு 0 போட்டு அதை இரும எண்ணாக வாசியுங்கள். மேலிருந்து 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று வரும். 64ஆவது வரிசையில் 64 எண்கள், அத்தனையும் ஒற்றை. அதாவது 64 ஒன்றுகள். அதுவே சதுரங்க எண். நடுவே வரும் வரிசைகளை, காஸின் விதிப்படி வரைய முடியும் என்று தெரிந்த ஒற்றைப் பக்கப் பலகோணங்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் 32 வரிசைகள், ஒன்றைத் தவிர, அந்தப் பட்டியலேதான்.

இது முக்கோண எண்ணா?

1, 3, 6, 10, 15 என்று கோலிக்குண்டுகளை முக்கோணமாக அடுக்கினால் வருபவை முக்கோண எண்கள். சதுரங்கப் பலகையில் முதல் நான்கு கட்டங்களின் மொத்தம் 15, அது முக்கோண எண். முதல் 12 கட்டங்களின் மொத்தம் 4095, அதுவும் முக்கோண எண். 64 கட்டத்துக்கு?

முக்கோண எண்ணை 8ஆல் பெருக்கி 1 கூட்டினால் வர்க்க எண் வரும் என்று ஒரு விதி உண்டு. 2⁶⁴ − 1ஐ அப்படிச் செய்தால் 2⁶⁷ − 7 கிடைக்கிறது. 2இன் அடுக்கிலிருந்து 7ஐக் கழித்தால் எப்போது வர்க்க எண் வரும்? இதைத்தான் 1913இல் நம் கும்பகோணத்து ராமானுஜன் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் வாசகர்களுக்குக் கேள்வியாகப் போட்டார். அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருந்தால் வருகிறது, வேறு உண்டா என்று கேட்டார். வேறு கிடையாது என்று நார்வேக்காரர் நாகெல் 1948இல் நிரூபித்தார். ராமானுஜன் அதைப் பார்க்க இல்லை.

67 அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே சதுரங்க எண் முக்கோண எண் அல்ல. ஓர் எளிய கேள்விக்கு எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது பாருங்கள்.

காசிக் கோயிலில் 64 தங்கத் தட்டுகளைப் பூசாரிகள் மாற்றி மாற்றி வைக்கிறார்களாம், முடிந்தால் உலகம் அழியுமாம். அதே எண்தானா?

எண் அதேதான். கோயில் மட்டும் இல்லை. மூன்று கம்பம், 64 தட்டு, ஒரு தடவைக்கு ஒரு தட்டு, சிறியதன் மேல் பெரியதை வைக்கக் கூடாது. இதற்கு 2⁶⁴ − 1 நகர்த்தல் தேவை. ஒரு தட்டு கூடினால் முந்தைய வேலையை இரண்டு தடவை செய்து நடுவில் ஒரு நகர்த்தல் சேர்க்க வேண்டும். சதுரங்கப் பலகையின் அதே இரட்டிப்பு.

இது 1883இல் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூகாஸ் விற்பனைக்கு விட்ட ஹனோய் கோபுரம் என்ற விளையாட்டு. விளம்பரத்துக்காகத் தம் பெயரின் எழுத்துகளை மாற்றிப்போட்டு, சியாம் நாட்டு கிளாஸ் என்பவர் கொண்டுவந்ததாகச் சொல்லிக்கொண்டார். காசிக் கதையும் பிரான்சில் அந்த விளையாட்டோடு பிறந்ததுதான். நம் வாட்ஸ்ஆப் குழுக்களில் "நம் முன்னோர்கள்" என்று ஆரம்பித்து வரும்போது கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம். நொடிக்கு ஒரு தட்டு என்றால் சுமார் 58,500 கோடி ஆண்டு ஆகும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு.

கம்ப்யூட்டர்காரர்கள் இந்த எண்ணைப் பார்த்ததும் ஏன் பதறுகிறார்கள்?

பிட் என்பது 0 அல்லது 1 மட்டும் வைக்கும் ஓர் இடம். 64 பிட் இடத்தில் கூட்டல், கழித்தல் குறி இல்லாத முழு எண்ணாக எழுதக்கூடிய மிகப் பெரிய எண் இதுதான். 64 விளக்கும் எரிகிற நிலை. இதோடு 1 கூட்டினால் பைக் மீட்டர் 99999க்கு அப்புறம் 00000க்குத் திரும்புவது போலப் பூஜ்யமாகிவிடும். நிரலில் இந்த எண் எதிர்பாராமல் தலைகாட்டினால், யாரோ பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

குறியும் வேண்டுமென்றால் ஒரு பிட் போய்விடும், உச்சம் ஏறக்குறைய பாதியாகும்: 9223372036854775807. 2013இல் அமெரிக்காவில் ஒருவருடைய பேபால் கணக்கு அறிக்கையில் 92,233,720,368,547,800 டாலர் இருப்பதாகக் காட்டியது. அந்தத் தொகையைச் சென்ட்டாக மாற்றினால் முன்னால் உள்ள இலக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று புரியும். 2014இல் யூடியூப்பில் ஒரு கொரியப் பாட்டு 32 பிட் உச்சமான 2147483647ஐத் தாண்டப் போகிறது என்றதும் எண்ணிக்கையை 64 பிட்டுக்கு மாற்றினார்கள். இனிப் பயமில்லை.

எக்செல்லில் போட்டால் தப்பாக வருகிறதே?

எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். எண்ணை நீங்கள் தட்டச்சு செய்தால் 18446744073709500000 என்று வாலை வெட்டிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் 18446744073709552000 என்று காட்டும். இரண்டும் மிதவைப் புள்ளி (floating point) எண்ணாகச் சேமிப்பதால் வரும் வினை. அந்த முறையில் 2⁵³க்கு மேல் எல்லா முழு எண்ணையும் அப்படியே பிடித்துவைக்க முடியாது. பைத்தான் நிரல்மொழியில் 2**64-1 என்று போடுங்கள், கடைசி 5 வரை பத்திரமாக வரும்.

இவ்வளவையும் யாராவது ஒன்று விடாமல் எண்ணிப் பார்க்க முடியுமா?

தனி ஆளால் முடியாது. ஆனால் கூட்டமாகச் சேர்ந்து கிட்டத்தட்ட அதைச் செய்திருக்கிறார்கள். 64 பிட் சாவியால் பூட்டிய ஒரு ரகசியச் செய்தியை உடைக்கும் போட்டியில், உலகெங்கும் லட்சக்கணக்கானோர் தங்கள் கம்ப்யூட்டர்களை இணையம் வழியே இணைத்துச் சாவிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 1997இல் தொடங்கி 2002இல் சாவி கிடைத்தது. அதற்குள் மொத்தச் சாவிகளில் பாதிக்கும் மேல் தேடி முடித்திருந்தார்கள்.

குழந்தை கையில் இருக்கும் ரூபிக் கனசதுரம் இதைவிடப் பெரிசு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் நிலைகள் 43252003274489856000. சதுரங்க எண்ணைப் போல இரண்டேகால் மடங்குக்கும் மேல்.

இதற்குப் பக்கத்தில் பகா எண் உண்டா?

2⁶⁴க்குக் கீழே உள்ள மிகப் பெரிய பகா எண் 18446744073709551557. சதுரங்க எண்ணிலிருந்து 58 படி இறங்கினால் போதும்.

பலகையில் 61 கட்டம் மட்டும் இருந்திருந்தால் மொத்தமே பகா எண்ணாக இருந்திருக்கும்: 2305843009213693951. 1883இல் ரஷ்யப் பாதிரியார் பெர்வூஷின் காட்டியது. கட்டங்களின் எண்ணிக்கை பகு எண்ணாக இருந்தால் மடித்து உடைத்துவிடலாம், 61ஐச் சம பாகமாக மடிக்க முடியாது. ஆனால் மடிக்க முடியாததெல்லாம் பகா எண்ணாகிவிடும் என்று நம்ப வேண்டாம். 67ஐயும் மடிக்க முடியாது. ஆனால் 67 கட்டத்து மொத்தம் 193707721 × 761838257287 என்று 1903இல் கோல் என்ற அமெரிக்கர் காட்டினார்.

பலகையை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும்?

128 கட்டம் போட்டால் புதிதாக ஒரு காரணி சேரும்: 2⁶⁴ + 1. இதுவும் பெர்மாவின் வரிசையில் அடுத்தது, இதுவும் பகா எண் இல்லை. 274177 × 67280421310721. இதை 1880இல் வெளியிட்ட லாந்த்ரிக்கு அப்போது 82 வயது.

அடுத்தடுத்து இரட்டித்துக்கொண்டே போகலாம். 65537க்கு அப்புறம் வரும் 28 காரணிகளும் பகு எண்கள் என்று நிரூபித்துவிட்டார்கள். அதற்கடுத்தது, 858 கோடியே 99 லட்சத்துச் சொச்சம் கட்டங்கள் கொண்ட பலகையை இரட்டிக்கும்போது வருவது. அந்த ஒரு காரணியை எழுதவே 258 கோடிக்கு மேல் இலக்கம் வேண்டும். அது பகா எண்ணா, பகு எண்ணா என்பதற்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை.